நாவல் முடிஞ்சுது, திருத்தம் எங்கருந்து ஆரம்பிக்கிறது?

உப்புக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா இழுத்துட்டிருந்த நாவல ஒருவழியா பொங்கலுக்கு முடிச்சேன், 38 அத்தியாயம், சுமாரா 62,000 வார்த்தை. கதை 1984ல தூத்துக்குடி உப்பளத்துல நடக்குது, முதல் மூணு அத்தியாயம் இங்க போட்டிருந்தேன், சில பேர் படிச்சிருப்பீங்க. திருத்தலாம்னு உக்காந்தா முதல் அத்தியாயத்தத் தாண்டவே முடியல. ஒரு வரிய மாத்துறேன், மறுநாள் அதையே பழையபடி ஆக்குறேன், நடுவுல ஒரு ஒற்றுப்பிழை கண்ணுல படுது, அத சரி பண்ணப் போயி பாத்தா மணி பன்னெண்டு. இதோட பதினோரு தடவ ஆச்சு. அடுத்த ஜனவரி சென்னை புத்தகக் காட்சிக்குள்ள கொண்டு வரணும்னு ஆசை. நீங்கல்லாம் எத்தன ரவுண்டு போவீங்க, எதுல ஆரம்பிப்பீங்க?

கரிசக்காடு:
மொதல்ல அந்த முதல் அத்தியாயத்த மூடி வைங்க நண்பரே. என் முதல் நாவல்ல ஒரு கல்யாணப் பந்தி வரும், சாம்பார் வாளி தரையில உரசுற சத்தம் வரைக்கும் செதுக்கி வச்சிருந்தேன், நாலு மாசம் அதுலயே போச்சு. கடைசில படிச்ச ஃப்ரெண்டு "எல்லாம் நல்லாருக்கு, இந்தப் பந்தி எதுக்கு?"ன்னு கேட்டா. பதில் இல்ல. ஒன்பது பக்கத்தத் தூக்கினேன், கதைக்கு ஒரு கீறல் கூட விழல. அதுக்கப்புறம் முதல் ரவுண்டுல வரியத் தொடுறதே இல்ல. பிரிண்ட் எடுத்து, கைல பேனா இல்லாம ரெண்டு நாள்ல முழுசாப் படிச்சிருவேன். பிறகு ஒரு நோட்டுல அத்தியாயத்துக்கு ஒரு வரி, யாரு வர்றா, எந்த மாசம், என்ன மாறுது. "என்ன மாறுது"க்கு எழுத ஒண்ணும் வரலன்னா அந்த அத்தியாயம் தேறுறது கஷ்டம்.

அளக்காரன்மகன்:
மாசத்த எழுதச் சொன்னது ரொம்ப சரி. எங்க அப்பா அளத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவரு, அதனால உங்க மூணாவது அத்தியாயத்துல அப்படியே நின்னுட்டேன். ஐப்பசில உப்பு வாருறாங்க! அப்ப வடகிழக்கு மழைல்லா, அளம் பூரா தண்ணியாக் கெடக்கும். தை, மாசிக்கு மேலதான் பாத்தியச் சரி பண்ண எறங்குவாங்க. அப்புறம் அந்த ஆபீசர் "தூத்துக்குடி மாவட்டம்"னு சொல்றாரு, அது திருநெல்வேலில இருந்து பிரிஞ்சதே 86லதான். அம்மா ஒரு பக்கத்துல "வாறேன்"ங்கா, அடுத்த பக்கத்துலயே "வர்றேன்"னு மெட்ராஸ்காரி ஆயிருதா. வரி திருத்துறப்ப இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது, தகவலுக்கும் வட்டார வழக்குக்கும் தனியா ஒரு ரவுண்டு போங்க.

ழகரம்:
நான் மெய்ப்பு பாக்குறவ. ஒற்றுப்பிழைய கடைசில பாத்துக்கலாம், தயவுசெஞ்சு. நாளைக்குத் தூக்கப்போற பத்தில "அந்த பையன"க்கு ப் போட்டு என்ன ஆகப்போகுது? கடைசி ரவுண்டுல வாணி, நாவிங்கிற ரெண்டு பிழைதிருத்தி மென்பொருள்லயும் ஒரு தடவ போட்டுப் பாருங்க, ஆனா பேச்சுவழக்கு வார்த்தையெல்லாம் தப்புன்னு காட்டும், அத நம்பி மாத்திடாதீங்க. எனக்கு வர்ற பிரதிகள்ல அதிகம் பாக்குறது "சுவற்றில்" (சுவரில்தான் சரி), "முயற்ச்சி", "அருகாமை". இன்னொண்ணு, ரிப்ளேஸ் ஆல் பக்கமே போகாதீங்க. ஒருத்தர் மணிங்கிற பாத்திரத்துக்கு சேகர்னு பேர் மாத்தி ஒரே அமுக்கா அமுக்கிட்டாரு. எனக்கு வந்த பிரதில காலைல பத்து சேகர்க்கு கோயில் சேகர் அடிச்சுது, கதாநாயகி பேரு கண்சேகர். லேஅவுட் போனப்புறம் பத்தி கித்தி சேக்காதீங்க, அச்சுல 16 பக்கம் சேந்தது ஒரு பாரம் (ஃபார்ம்), நாலு வரி கூடி அடுத்த பாரத்துல விழுந்தா பதிப்பாளர் முகத்தப் பாக்க முடியாது.

வெயில்நதி:
நான் கொஞ்சம் மாறுபடுறேன். கதை வேற வரி வேறன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்க வராது. சத்தமா வாசிக்கிறப்ப ஒரு வரில நாக்கு தடுக்குனாத்தான் அந்த சீனே பொய்னு புரியுது. ஆனா பதினோரு தடவ ஓவர் சார். தடுக்குற எடத்துல ஓரத்துல பென்சில் கோடு ஒண்ணு போட்டுட்டு மேல போயிருங்க.

உப்புக்காத்து:
எல்லாருக்கும் நன்றி. நோட்டு போட்டேன், பயமா இருக்கு, ஏழு அத்தியாயத்துல ஒண்ணுமே மாறல. அத விடுங்க, ஐப்பசி மேட்டர்தான் தூங்க விடல. உப்பு வாருறத பங்குனிக்குத் தள்ளுனா மழை போயிடும், அன்னைக்கு ராத்திரி மழைல மாட்டித்தான் அப்பா வீடு திரும்ப மாட்டாரு. மழை இல்லன்னா பின்னால நாலு அத்தியாயம் காலி.

அளக்காரன்மகன்:
மழைய ஏன் எடுக்கீங்க, வாருறத மட்டும் எடுங்க. கரையில குவிச்சு வச்ச உப்பு கரையாம இருக்க பனையோல போட்டு மூடுவாங்க. மேகம் திரண்டுட்டுன்னா அவசரமா ஆள் கூப்பிட்டு விடுவாங்க. அந்த வேலைக்கு அப்பாவ அனுப்புங்க.

உப்புக்காத்து:
அண்ணே! ஓலை எப்படிக் கட்டுவாங்க, காத்துல பறக்காம மேல என்ன வைப்பாங்கன்னு உங்க அப்பாட்ட கேட்டுச் சொல்ல முடியுமா? முதல் அத்தியாயத்த இன்னும் தொறக்கல, சத்தியமா.