ஜெயலலிதாவை உதாரணம் காட்டிக் கணக்கை மூடலாமோ?

மாங்குளத்தான்:
வாற ஞாயிறு எங்கட ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு. போன கூட்டத்திலை கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கோ எண்டு கேட்டதுக்கு ஒரு பெரியவர் எழும்பி, ஜெயலலிதா காசு எடுத்தவதானே, ஆனா சனத்துக்கு அள்ளிக் குடுத்தவ, சனமும் கடைசிவரைக்கும் அவவுக்குத்தான் போட்டது, நீங்கள் ஏன் சில்லறைக் காசுக்கு நிக்கிறியள் எண்டு கேக்கிறார். எனக்கு அண்டைக்கு நித்திரையே வரேல்லை. 1991இலை முதலமைச்சரா வந்து மாதம் ஒரு ரூபாதான் சம்பளம் எண்டு எடுத்தவ, 1996இலை ஆட்சி முடிய 66 கோடி ரூபாக்கு மேலை கணக்கில்லாத சொத்து எண்டு வழக்கு. 2014 செப்டெம்பர் 27 பெங்களூர் தனிக் கோட்டிலை நீதிபதி குன்ஹா 4 வருச மறியலும் 100 கோடி தண்டமும் போட்டார். பதவியிலை இருக்கேக்கையே தண்டனை பட்டுப் பதவி போன முதல் முதலமைச்சர் அவதான். இதையோ நாங்கள் உதாரணமா எடுக்கிறது?

நெடுங்கேணிப் பெடியன்:
அண்ணை அரைவாசிக் கதையைச் சொல்லாதேங்கோ. 2015 மே 11 கர்நாடக உயர் நீதிமன்றம் அவவை விடுதலை செய்தது, 2016இலை திரும்ப வெண்டு வந்தவ, டிசெம்பர் 5 சாகேக்கையும் முதலமைச்சர்தான். செத்த ஆளைக் குற்றவாளி எண்டு எழுத உங்களுக்கு என்ன உரிமை? 2013 மார்ச்சிலை ஈழத்துக்குப் பொது வாக்கெடுப்பு வேணும் எண்டு சட்டசபையிலை தீர்மானம் போட்டவ. முள்ளிவாய்க்காலிலை இருந்து உடுத்த உடுப்போட வந்த எங்களுக்காக வேறை ஆர் அப்பிடிக் கேட்டவை?

கிளி ரீச்சர்:
தம்பி, நான் கணக்குப் படிப்பிக்கிறனான், அந்த விடுதலைத் தீர்ப்பின்ர கணக்கை நானே கொப்பியிலை எழுதிக் கூட்டிப் பாத்தனான். வாங்கின கடன் எண்டு பத்து வரி. சரியாக் கூட்டினா 10 கோடி 67 இலட்சம் வரும், தீர்ப்பிலை 24 கோடி 17 இலட்சம் எண்டு கிடக்குது. பதின்மூண்டரைக் கோடி கூட! அந்தக் காசை வருமானத்திலை போட்டபடியால்தான் வருமானத்துக்கு மிஞ்சின சொத்து அந்த வருமானத்திலை 8.12 வீதம், பத்துக்குக் கீழை எண்டா விடலாம் எண்டு விட்டவை. ஒழுங்காக் கூட்டினா 76 வீதத்துக்கு மேலை போகும். ஓஎல் சோதினை எடுக்கிற பிள்ளை விடாத பிழை. 2017 பெப்ரவரி 14 உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்புத்தான் சரி எண்டு சொல்லி அவவோட அதே வழக்கிலை இருந்த சசிகலா, இளவரசி, சுதாகரன் மூண்டு பேரையும் மறியலுக்கு அனுப்பினது. அவ இறந்தபடியால் அவவின்ர பங்கு வழக்கு மட்டும் அற்றுப்போச்சு.

செட்டிகுளம் அக்கா:
நான் தமிழ்நாட்டிலை மண்டபம் அகதிக் காம்பிலை இருந்து திரும்பி வந்தனான். 2011இலை அகதிக் குடும்பத் தலைவருக்கு மாதம் 400 ரூபாவா இருந்த உதவிக் காசை 1000 ஆக்கினது அவதான், அந்தக் காசிலைதான் என்ர மகளுக்குச் சப்பாத்து வாங்கினனான், கறுப்புச் சப்பாத்து, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போட்டுக்கொண்டு படுத்தவள். எனக்கு அவவைத் திட்ட வாய் வராது.

மாங்குளத்தான்:
திட்டச் சொல்லேல்லை அக்கா. ஆனா அந்த ஆயிரம் அரசாங்கக் காசு, அவவின்ர வீட்டுக் காசில்லை. எங்கட பக்கம் ஐஞ்சரை இலட்சம் ரூபா வீட்டுத்திட்டம் வரேக்கை பட்டியலிலை பேர் வரவேணும் எண்டு ஒருத்தர் அம்மாட்டைக் காசு கேட்டவர். அம்மா காப்பைக் கழட்டி அடைவு வைச்சவ. முள்ளிவாய்க்காலுக்குள்ளாலை சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கொண்டு வந்த காப்பு அக்கா, அதை மீட்கவே இல்லை. காசு வாங்கினவரும் ஊருக்கு நல்லது செய்தவர்தான், கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவர்.

நெடுங்கேணிப் பெடியன்:
கூட்டல் பிழையை ஒத்துக்கொள்ளுறன் ரீச்சர், அது எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். ஆனா 96இலை போட்ட வழக்குக்கு 2014இலை தீர்ப்பு எண்டா பதினெட்டு வருசம், நேரத்துக்கு முடிச்சிருந்தா அவ சாக முதலே ஒரு முடிவு வந்திருக்கும். அந்த ஈழத் தீர்மானத்தை நான் மறக்கமாட்டன், அதிலை என்னோட வாதாட வராதேங்கோ.

செட்டிகுளம் அக்கா:
மாங்குளம் தம்பி, ஞாயிறு கூட்டம் எத்தினை மணிக்கு? அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. புத்தகத்தை அவவின்ர கையிலை குடுக்கச் சொல்லிக் கேளுங்கோ.

மாங்குளத்தான்:
காலமை ஒன்பதுக்கு அக்கா. அவ வாறன் எண்டிட்டா.