சுண்ணாம்புப் பூச்சில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்: மொத்தமும் உரிக்க வேண்டுமா?

தேவகோட்டைக்காரன்:
தாத்தா கட்டிய வீட்டில் முற்றத்துச் சுவரின் சிமெண்ட் பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடுக்காய் ஊறிய தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி. மூன்று வாரம் கழித்து மிளகளவு சில்லுகள் தெறித்து விழுகின்றன. ராத்திரி மழை பெய்தால் காலையில் இன்னும் பத்து. கொத்தனார் 'கடுக்காய் கூடிப்போச்சு, மேல சிமெண்ட் பால் (தண்ணீரில் நீர்க்கக் கரைத்த சிமெண்ட்) அடிச்சுடலாம்' என்கிறார்.

செங்கல்சூளை:
குழிக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா? சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது? சலித்தீர்களா?

தேவகோட்டைக்காரன்:
எல்லாக் குழியிலும் கடுகளவு வெள்ளை இருக்கிறது அண்ணே. ஊசியால் குத்தினால் மாவாக உதிர்கிறது. இரண்டே நாள்தான் ஊறியது. சலிக்கவில்லை.

செங்கல்சூளை:
அப்போ கடுக்காய் பாவம், விட்டுவிடுங்கள். சூளையில் அதிகம் வெந்த சுண்ணாம்புக் கட்டிகள் சட்டென்று நீறாது, அதாவது தண்ணீர் பட்டதும் வெந்து பொடியாகாது. சுவருக்குள் போனபின் ஈரம் பட்டு நீறும், நீறும்போது பருத்து மேலே உள்ள பூச்சைத் தள்ளும். மழைக்கு அப்புறம் கூடுவது அதனால்தான்.

உரிக்க வேண்டாம். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, வெடிக்க வேண்டியது வெடிக்கட்டும். நின்றபிறகு அந்த வெள்ளையைத் துளி விடாமல் நோண்டி எடுத்து, குழியை நனைத்து, நன்றாக ஊறிய சுண்ணாம்பும் பொடிமணலும் வைத்து அடையுங்கள். சிமெண்ட் பால் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய சுவர் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போகும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். முதலில் உரித்ததே அதற்காகத்தானே?

மட்டப்பலகை:
அடுத்த சுவருக்கு ஒரு மாதமாவது தண்ணீருக்கடியில் ஊறட்டும். கொசுவலையில் வடிகட்டுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறக்காமல் வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பிளாஸ்டிக் வாளியில் செய்து ஓட்டை போட்டவன் சொல்கிறேன். தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொட்ட வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள்.

தேவகோட்டைக்காரன்:
ஒன்பது நாளாகத் தெளிக்கிறோம். முதல் மூன்று நாள் பொலபொலவென்று விழுந்தது, நேற்று ஒன்றே ஒன்று. மீதிச் சுண்ணாம்பை வடிகட்டினால் கால் சட்டி கப்பி (நீறாத கட்டிகள்) தேறியது. கொத்தனாரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, 'கடுக்காயும்தான் கூடிப்போச்சு' என்கிறார்.