பள்ளி நூலகத்தில் பழைய நூல்களைக் கழிப்பது எப்படி?

கேள்வி: புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். அலமாரிகள் பிதுங்குகின்றன. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: முதலில் இருப்புச் சரிபார்ப்பு. அதற்கு முன் கழித்தால், தொலைந்தது எது, நீக்கியது எது என்று கணக்கு குழம்பிவிடும். பிறகு டியூயி (நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் முறை) எண்களில் 004 (கணினி), 610 (மருத்துவம்) வரிசைகள். கணினி நூலுக்கு 3 ஆண்டு, மருத்துவத்துக்கு 5 ஆண்டு என வயது வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 520-இல் (வானியல்) புளூட்டோவை ஒன்பதாம் கோள் என்பவை 2006-லேயே காலாவதி; தயங்காமல் எடுங்கள்.

பதில்: கதை நூல்களுக்கு வயதைப் பார்க்காதீர்கள், கடைசியாக இரவல் போன தேதியைப் பாருங்கள். பள்ளி ஆண்டு மலர்களைத் தொடவே வேண்டாம்!

பதில்: பூஞ்சை பிடித்ததை உடனே பையில் கட்டிப் பிரித்து வையுங்கள், மற்ற நூல்களுக்கும் பரவும். கழித்தவற்றில் 'நீக்கப்பட்டது' முத்திரை குத்தி, பார்கோடைக் கோடிட்டு அடித்துவிட்டு, பட்டியல் பதிவையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் மாணவர் தேடும்போது இல்லாத நூல் வந்து நிற்கும்.