களத்துக்குக் கொண்டு செல்லும் உலோக 3டி பிரிண்டர்: பொடியா, கம்பியா?

கேள்வி:
இஸ்ரோ தன் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் பயன்படும் பி.எஸ்.4 எஞ்சினை, உலோகப் பொடியைப் படுகையாகப் பரப்பி லேசரால் உருக்கும் முறையில் அச்சிட்டு, 2024 மே 9 அன்று 665 விநாடிகள் இயக்கிச் சோதித்தது. 14 பாகங்கள் ஒன்றாகி, 19 வெல்டிங் இணைப்புகள் தேவையற்றுப் போயின. இத்தனை நேர்த்தியான முறை கையில் இருக்கும்போது, போர்க்கப்பலிலும் விண்வெளி நிலையத்திலும் கம்பியை உருக்கும் பிரிண்டர்களை வைத்தது ஏன்? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
பொடிப் படுகை நிலைத்து நிற்பதே புவியீர்ப்பால்தான். எடையற்ற சூழலில் பொடி மிதக்கும். நுண்பொடி மூச்சில் கலந்தாலும் தீப்பற்றினாலும் பேராபத்து. ஆகவேதான், ஐரோப்பிய விண்வெளி முகமைக்காக ஏர்பஸ் உருவாக்கி 2024 ஜனவரியில் விண்வெளி நிலையத்துக்குச் சென்ற, சுமார் 180 கிலோ எடையுள்ள பிரிண்டர், துருப்பிடிக்கா எஃகுக் கம்பியை நைட்ரஜன் நிரப்பிய மூடிய பெட்டிக்குள் லேசரால் உருக்குகிறது.

பதில் 2:
கப்பலில் இன்னொரு காரணமும் உண்டு. கம்பியை உருக்கி அடுக்கினால் மேற்பரப்பு சொரசொரப்பாகவே வரும். அளவுக்குக் கொண்டுவர மில்லிங் (சுழலும் வெட்டுக்கருவியால் செதுக்குதல்) செய்தாக வேண்டும். அமெரிக்கக் கடற்படை 2022இல் யூ.எஸ்.எஸ். பட்டான் கப்பலில் நிறுவிய பொறியில், கணினியால் இயங்கும் சி.என்.சி. மில்லிங் இயந்திரத்திலேயே கம்பியை உருக்கும் லேசர் தலையும் பொருத்தப்பட்டிருந்தது. ஏர் கம்ப்ரசர் ஒன்றின் தெளிப்புத் தகட்டை மாலுமிகளே அதில் செய்து பொருத்தி, ஐந்தே நாளில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். உதிரிபாகத்துக்காகத் துறைமுகம் வரை காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பதில் 3:
பொடி களத்துக்கே ஆகாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆஸ்திரேலிய ராணுவம் 2020இல் வடக்குப் பிரதேசத்தில் சோதிக்கத் தொடங்கிய ஸ்பீ3டி நிறுவனத்தின் பொறி, பொடியை உருக்காமல், அழுத்தக் காற்றால் ஒலியை மிஞ்சும் வேகத்தில் மோதவிட்டுப் படியவைக்கிறது. லேசரும் வேண்டாம், எளிதில் வினைபுரியாத மந்த வாயுவும் வேண்டாம். ஆனால் தெளித்த நிலையில் பாகம் எளிதில் உடையும் என்பதால் சூடாக்கி உறுதியூட்டும் ஹீட் ட்ரீட்மென்ட் உலையையும் உடன் கொண்டுபோக வேண்டும். என் பார்வையில், பிரிண்டரைவிடச் சோதனைக் கருவிகளை எடுத்துச்செல்வதுதான் கடினம். உள்ளே மறைந்திருக்கும் நுண்துளையை சி.டி. ஸ்கேன் இல்லாமல் கண்டறிவது அரிது. மூடி, தாங்கி போன்றவற்றைக் களத்தில் அச்சிடலாம். அழுத்தம் தாங்கும் எஞ்சின் அறையை, அந்த வசதி வரும்வரை, ஆலையிலேயே செய்வது நல்லது. விண்வெளியில் அச்சிட்ட மாதிரிகளைக்கூட ஆய்வுக்காகப் பூமிக்குத்தானே கொண்டுவந்தார்கள்.