மொனெரோ (கிரிப்டோ காசு) வாலட் இரண்டு நாளாக சின்க் ஆகிறது, இருப்பு 0 காட்டுகிறது

ரெண்டாங்கட்டு:
பழைய லேப்டாப் போய்விட்டது. புதியதில் மொனெரோ ஜியூஐ வாலட்டைப் போட்டு, நோட்டில் எழுதிவைத்திருந்த 25 வார்த்தைகளைக் கொடுத்து மீட்டேன். முந்தாநாள் மாலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது, ‘வாலட் பிளாக்ஸ் ரிமெய்னிங்’ இன்னும் பதினெட்டு லட்சத்துக்கு மேல், இருப்போ 0. ரிமோட் நோடுதான் (வேறொருவர் நடத்தும் மொனெரோ சர்வர்). இதே லேப்டாப்பில் பிட்காயின் வாலட் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. காசு போய்விட்டதா? கானாடுகாத்தானில் ஐயா வீட்டில் இருக்கிறேன், பயத்தில் தூக்கமே இல்லை.

கோட்டையூரான்:
வைஃபையாக இருக்கும் தம்பி. அந்த வீட்டுச் சுவர் கனத்துக்கு வளவைத் தாண்டி சிக்னல் வராது. முகப்பில் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

பேரேடு:
அண்ணன் சொல்வதும் கொஞ்சம் உண்மை, பிளாக்குகள், அதாவது கணக்கு நோட்டின் பக்கங்கள், நெட் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆனால் முக்கியமான வேலை லேப்டாப்பில் நடக்கிறது.

பிட்காயின் நம்மூர் மொய் நோட்டு மாதிரி. இன்னார் இவ்வளவு என்று வெளிப்படையாக இருக்கும், முகவரியைச் சொன்னால் சர்வர் தேடி எடுத்துக் கொடுத்துவிடும். மொனெரோவில் வரவுக்கு வரவு புது முகவரி, தொகையும் மறைந்திருக்கும், எந்த வரி உங்களுடையது என்று நோடுக்கே தெரியாது. அதனால் மொத்த நோட்டையும் வாங்கி, ஒவ்வொரு வரியிலும் உங்கள் வியூ கீயை (வரவைக் கண்டுபிடிக்கும் ரகசியச் சாவி) போட்டுப் பார்த்து, ‘இது என்னுடையதா’ என்று வாலட்தான் கணக்குப் போட வேண்டும். 2022 ஆகஸ்டில் வியூ டேக் என்று வரிக்கு ஒரு பைட் சேர்த்தார்கள், அதற்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானதைப் பாதிக் கணக்கிலேயே தள்ளிவிடலாம். பழைய பிளாக்குகளில் அது கிடையாது.

மீட்கும்போது ‘ரீஸ்டோர் ஹைட்’ கட்டத்தில், அதாவது எந்த பிளாக்கிலிருந்து தேட வேண்டும் என்ற இடத்தில், என்ன போட்டீர்கள்?

ரெண்டாங்கட்டு:
அதைக் காலியாக விட்டுவிட்டேனே. வாலட் தொடங்கியது 2023 ஆகஸ்ட் கடைசியில்.

பேரேடு:
அதுதான் விஷயம். 2014 ஏப்ரலில் மொனெரோ பிறந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறது, உங்களுக்கு ஒரு பைசா வந்திருக்கவே முடியாத ஒன்பது வருஷத்தையும் சேர்த்து. அந்த வியூ டேக் மாற்றம் 2022 ஆகஸ்ட் 13 அன்று 26,88,888ஆவது பிளாக்கில் நடந்தது, பிளாக்குக்கு 2 நிமிடம், நாளைக்கு 720. அதை வைத்துக் கணக்குப் போட்டேன்: செட்டிங்ஸ், இன்ஃபோ போய் ரீஸ்டோர் ஹைட்டை 29,40,000 என்று மாற்றுங்கள், வாலட் தொடங்கியதற்குச் சில வாரம் முன்னாலேயே இருக்கட்டும். ரொம்பப் பிந்தைய எண்ணைப் போட்டால் அதற்கு முந்தைய வரவு கண்ணில் படாது. காசு அழியாது, எண்ணைக் குறைத்துத் திரும்பத் தேடினால் வந்துவிடும்.

விரைவு_உதவி:
25 வார்த்தையை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பத்து நிமிடத்தில் சின்க் செய்து தருகிறேன்.

கோட்டையூரான்:
யாருப்பா இது! தம்பி, பெட்டகச் சாவியைத் தெருவில் போகிறவனிடம் கொடுக்காதீர்கள்.

ரெண்டாங்கட்டு:
கொடுக்கவில்லை அண்ணே. ராத்திரி மாற்றிவிட்டு, முகப்பில் லேப்டாப்பை வைத்துவிட்டுப் படுத்தேன், காலையில் முழு இருப்பும் வந்துவிட்டது! சோதனைக்கு என் இன்னொரு வாலட்டுக்குக் கொஞ்சம் அனுப்பினேன், இப்போது மீதி இருப்பில் ஒரு பகுதி பூட்டிக்கிடக்கிறது, இது என்ன?

பேரேடு:
மிச்சச் சில்லறை உங்களுக்கே திரும்பி வருகிறது. 10 பிளாக் தாண்ட வேண்டும். இருபது நிமிடம், காபி குடித்துவிட்டு வாருங்கள்.