சேலைக்குள் வைத்த லேகிய பாட்டில்

முதன்முறையாகப் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெற்றோர் எல்லோரும் கேட்கும் கேள்வி, "சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோக விடுவார்களா?" என்பதுதான். நியூசிலாந்து போகிறவர்களுக்கு உதவும் என்று எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் புதுக்கோட்டை. என் கணவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் 28 ஆண்டுகள் அங்கன்வாடியில் இருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் வெலிங்டனில் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகப் போய்ச் சேரும்படி ஏப்ரல் கடைசியில் டிக்கெட் எடுத்திருந்தோம். பேரனோ நாங்கள் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே பிறந்துவிட்டான். தலைப்பிரசவத்தில் பெற்றவள் பக்கத்தில் இல்லையே என்ற குறை எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த மூன்று நாளும் என் கை லேகியத்தில்தான் இருந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம் எல்லாவற்றையும் வறுத்து இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டிக் கிளறி, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டு, ஆறிய பிறகு தேன் சேர்த்தேன். என் மாமியார் எனக்குக் கிளறிக் கொடுத்த அதே பக்குவம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வந்தது. "எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள், சேலைக்குள் சுருட்டி வையுங்கள்" என்று, முன்பு போய்வந்த உறவினர் ஒருவர் சொன்னார். வைத்துவிட்டேன். கணவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு திருச்சியில் விமானம் ஏறினோம். விடியும்போது சிங்கப்பூர். அங்கே பகல் முழுவதும் காத்திருப்பு. பலகைகளில் தமிழைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டே நடந்தார். அதற்கப்பால் தமிழ் எழுத்தைப் பார்க்கப் போவதில்லை என்பது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. ஆக்லாந்து விமானத்தில் சுமார் பத்து மணி நேரம். என் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தன.

இறங்குவதற்கு முன்பு ஒரு படிவம் கொடுத்தார்கள். கணவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மணியார்டர் பாரம் நிரப்புவதுபோல் ஒவ்வொரு கட்டமாக எழுதினார். உணவுப் பொருள் உண்டா, செடி, விதை உண்டா, மண் ஒட்டிய காலணி உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். பொய் சொன்னால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் என்றும் இருந்தது.

"சாம்பார்ப்பொடி, அப்பளம், பெருங்காயம், கறிவேப்பிலை எழுதியாயிற்று. வேறு ஏதும் இருக்கிறதா?" என்றார்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் பேனாவை மூடவில்லை. முப்பத்தைந்து வருடம் ஒரு பார்சலையும் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர். அவருடைய கையெழுத்தில் என்னுடைய பொய் போகப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "என்னங்க, பச்சைச் சேலைக்குள் லேகியம் இருக்கிறது" என்றேன். கோபிக்கவில்லை. "தேன் போட்டிருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். எழுதினார்.

ஆக்லாந்தில் பெட்டி எடுக்கும் இடத்தில் ஒரு பீகிள் நாய் ஒவ்வொரு பையாக முகர்ந்துகொண்டு வந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்திருந்ததால் எங்களைத் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் அதிகாரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பொடிகளையும் அப்பளத்தையும் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். வரும் வழியில் கறிவேப்பிலை கெடாமலிருக்க ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். அது உடனே தனியாகப் போயிற்று. பச்சையாக உள்ள இலை, பழம் எதுவும் கூடாது. பிறகு பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"என் மகளுக்கு. குழந்தை பிறந்து ஐந்து நாள். மருந்து" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "இதில் தேன் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தேன் மூலமாகத் தேனீக்களின் நோய் பரவும். அங்கே இதுவரை வராத நோய்கள் இருக்கின்றன. அதனால் இந்தியாவிலிருந்து பயணிகள் தேன் கொண்டுவர முடியாது. "மன்னித்துக்கொள்ளுங்கள், அம்மா கைப்பட செய்தது என்று தெரிகிறது" என்றார். மறைக்காமல் எழுதியதற்கு நன்றியும் சொன்னார். அபராதம் எதுவும் கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். கொண்டுபோகிற நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் எழுதுங்கள். போகிற பொருள் போகட்டும்.

உள்நாட்டு விமானத்துக்கு வேறு கட்டடம். பெட்டிகளைப் போட்டுவிட்டு, தரையில் வரைந்திருந்த பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தோம். வெயில் அடித்தது, காற்று குளிர்ந்தது. நம் ஊரில் கத்திரி தொடங்கப்போகும் நேரம், அங்கே இலையுதிர்காலம். வெலிங்டனில் இறங்கும்போது விமானம் காற்றில் இப்படியும் அப்படியும் ஆடியது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் சின்ன ஓடுபாதை. சக்கரம் தரையைத் தொடும்வரை அவர் என் கையை விடவில்லை.

மாப்பிள்ளை காரில் கூட்டிப்போனார். மேடும் பள்ளமுமான தெருக்கள். நிலநடுக்கம் வரும் ஊர் என்பதால் பெரும்பாலும் மரவீடுகள். புதுக்கோட்டை வீட்டைப் பூட்டி 36 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகள் வாசலில் நின்றாள். அவளைப் பார்த்த பிறகுதான் பேரனைப் பார்த்தேன். பெற்றவளுக்கு அதுதான் வரிசை.

நாலு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார் ஒரு நடுத்தர வயதுப் பெண். மருத்துவச்சி. கர்ப்பகாலம் முதல் பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை தாயையும் பிள்ளையையும் கவனிப்பது அங்கே அவர்கள் பொறுப்பு, வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், அதற்குக் கட்டணம் இல்லை என்று மகள் சொன்னாள். அவர் பையிலிருந்து ஒரு தராசும் துணித் தொட்டிலும் எடுத்தார். பேரனைத் துணியில் போட்டுத் தூக்கினார். எத்தனை நூறு பிள்ளைகளை நான் இப்படித் தொங்கவிட்டு எடை பார்த்திருக்கிறேன்! என் கை தானாகத் துணிக்கு அடியில் போய் நின்றது. அவருடைய கையும் அதே இடத்தில் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2 கிலோ 950 கிராம். பிறந்தபோது 3 கிலோ 100. முதல் சில நாளில் கொஞ்சம் இறங்கும், இரண்டு வாரத்துக்குள் ஏறிவிடும் என்று அவர் சொல்ல வாயெடுத்தார், நானும் அதையே மகளிடம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் அங்கன்வாடியில் இருந்தவள் என்று மகள் சொன்னதும் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். லேகியத்தில் என்னென்ன போடுவீர்கள் என்று கேட்டார். தேன் தாய்க்குத்தான், ஒரு வயதுக்குள் பிள்ளையின் நாக்கில் வைக்கக் கூடாது என்று நான் சொன்னபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்தவர். பேச்சுவாக்கில், "அதை எங்கே புதைக்கப் போகிறீர்கள்?" என்று மகளிடம் கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. நஞ்சுக்கொடியை வீட்டுக்கு எடுத்துப்போகிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். வேண்டும் என்று இவர்களும் சொல்லி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறார்கள். மாவோரி மொழியில் 'ஃபெனுவா' என்ற ஒரே சொல்தான் மண்ணுக்கும் நஞ்சுக்கொடிக்கும் என்றார் மருத்துவச்சி. பிறந்த பிள்ளையின் நஞ்சை அதன் மண்ணிலேயே சேர்ப்பது அவர்கள் வழக்கம்.

என் அம்மா என்னை வீட்டில்தான் பெற்றார். நஞ்சைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்து, நாய் கிளறாமலிருக்க மேலே கல்லை வைத்தார்களாம். அந்த இடத்தில் கால் வைக்காதே என்று சிறுவயதில் என்னை அதட்டுவார்கள். ஊரில் எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. என் மகளுடையது எங்கே போயிற்று என்று நான் கேட்டதுகூட இல்லை. இதையெல்லாம் தமிழில் கொட்டினேன். மகள் மொழிபெயர்க்கத் திணறி அழுதாள்.

மருத்துவச்சி கிளம்பும்போது ஐந்தரை மணி. இருட்டிக்கொண்டு வந்தது. அவர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தபோதே என் கணவர் மாப்பிள்ளையிடம், "மண்வெட்டி இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இப்போதேயா மாமா? தூங்கி எழுந்து நாளைக்குப் பார்க்கலாமே."

"வெயில் படுகிற பக்கம் எது?"

"வடக்கு. இங்கே சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும்."

இருவரும் பின்பக்கம் போனார்கள். மாப்பிள்ளை கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க, எலுமிச்சை மரத்துக்கு வடக்கே அவர் முழங்கால் ஆழத்துக்கு வெட்டினார். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஜன்னலருகே நின்றேன். மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதிக்காமல் கையால் தட்டிச் சமன்செய்துவிட்டு, மேலே வைக்க ஒரு கல்லைத் தேடிக்கொண்டு வேலியோரமாக நடந்தார்.