வெடித்த விண்மீன் தன் சூழ்வாயுவில் மோதியதைக் கண்ட தருணம்: உங்கள் அனுபவம்

ஆலங்காயத்தான்

எம்101 என்ற விண்மீன் மண்டலத்தில் (கேலக்ஸி) வந்த 2023ஐஎக்ஸ்எஃப் சூப்பர்நோவா, அதாவது வாழ்நாள் முடிந்து வெடித்த விண்மீன், பற்றி இங்கே பலருக்கும் அறிமுகம் தேவையில்லை. ஜப்பானின் கோயிச்சி இதாகாகி 2023 மே 19 அன்று கண்டுபிடித்தாரே, அதேதான். நான் அப்போது பெங்களூருக்குப் பக்கத்தில் ஹோஸ்கோட்டேயில் இருந்தேன். லடாக்கில் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை அங்கிருந்துதான் இயக்குவார்கள். அன்றைய நேரம் என்னுடையது இல்லை, சீனியர் அக்கா ஒருவருடையது. நான் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

நிறமாலை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த வரைபடம், திரைக்கு வந்ததும் அக்கா 4686 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் விரலை வைத்தார். அயனியான ஹீலியத்தின் கோடு, ஒல்லியாக, உயரமாக நின்றது. வெடிப்பில் சிதறிய பொருள் நொடிக்கு 10,000 கிலோமீட்டர் போல ஓடும். அதன் கோடுகள் அகலமாகப் பரந்துதான் விழும். இவ்வளவு ஒல்லியாக ஒரு கோடு வந்தால் அந்த வாயு வெடிப்பில் கிளம்பியது இல்லை. விண்மீன் முன்பே உதறிவிட்டு, மெதுவாக விலகிக்கொண்டிருந்த வாயு. வெடிப்பின் புற ஊதா ஒளி பட்டதும் ஒளிர்கிறது. பின்னாலேயே அதிர்வலை வந்துகொண்டிருக்கிறது.

ஒரு வாரம் போல ஆன பிறகு எடுத்த நிறமாலையில் அந்தக் கோடு இல்லை. அதிர்வலை அந்த அடர்ந்த வாயுவை விழுங்கித் தாண்டிவிட்டது. வேகத்தை நாளோடு பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய நெப்டியூன் சுற்றுப்பாதை அளவுதான் வருகிறது. ஒரு கோடி ஆண்டு போல வாழ்ந்த விண்மீன், கடைசிச் சில ஆண்டுகளில் இத்தனை அவசரமாக ஏன் உதறியது? இன்றும் 4686 பக்கம் கண் போனால் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மொட்டைமாடி வானம்

நானும் அதே விண்மீனைப் பார்த்தேன் தம்பி, ஏலகிரியில், 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில். அமாவாசை ஒட்டிய இருட்டு. எம்101 மண்டலம் வெறும் புகையாகக்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒற்றைப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. 2 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் ஒரு மண்டலமே மங்கிக் கிடக்க, அதில் ஒரே ஒரு விண்மீன் மட்டும் கண்ணுக்கு எட்டியது.

சொந்தமாகப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் மரீசி, அடுத்து வசிட்டர், அருந்ததி. மரீசியையும் வசிட்டரையும் அடியாக வைத்து வடக்கே ஒரு முக்கோணம் போடுங்கள். மூன்றாவது முனையில் எம்101. மே மாதம் இரவு பத்து மணி வாக்கில் நம் ஊரில் வடக்கே பாதி உயரத்தில் இருக்கும். 6 அங்குலத்துக்குக் குறைவான கருவியோடு போய் ஏமாற வேண்டாம். கேமரா இருந்தால் ஸ்டார் அனலைசர் 100 என்ற, ஒளியைப் பிரிக்கும் கீற்றணியை அதன் முன்னால் திருகிக்கொள்ளுங்கள், நிறமாலையே எடுக்கலாம். தம்பி சொன்ன ஒல்லிக் கோடு அதில் தெளிவாகப் பிரியாது, ஆனால் பிரகாசமான சூப்பர்நோவாவின் அகலமான ஹைட்ரஜன் மேடு தெரியும். பிரகாசத்தை அளந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள், அமெரிக்க மாறொளிர் விண்மீன் சங்கத்துக்கு, ஏஏவிஎஸ்ஓ-வுக்கு, அனுப்புங்கள். முதல் சில மணி நேர அளவீடுகளுக்குத்தான் மதிப்பு அதிகம். ஒப்பிடும் விண்மீன்களின் வரைபடத்தை முன்கூட்டியே அச்சிட்டு எடுத்துப் போங்கள். மலையில் போன் சிக்னலை நம்பாதீர்கள். சிவப்பு டார்ச் மறக்கக் கூடாது.

மார்கழி

என்னுடையது வெடிப்பு இல்லை, வெடிக்கப்போகிற ஒன்று. 2020 பிப்ரவரி, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் தோளில் இருக்கும் திருவாதிரை மங்கிய நாட்கள். எங்கள் அம்மா வருஷா வருஷம் மார்கழியில் மாடிக்குக் கூட்டிப் போய் 'அதோ, சிவப்பா இருக்கு பார்' என்று காட்டுவார். அந்த பிப்ரவரி இரவு அம்மாவின் கை உயர்ந்தது, அப்படியே நின்றது. ஓரியனின் இரண்டு தோள்களும் ஒரே ஒளியில் இருந்தன. 'எதுடா திருவாதிரை?' என்று என்னைக் கேட்டார். அறுபது வயதுக்கு மேல் அதைத் தேடித் தடுமாறியவரை அன்றுதான் பார்த்தேன்.

விண்மீன் ஒரு பெரிய வாயுக் குமிழை வெளியே தள்ளியது, அது குளிர்ந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவே நின்றது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அது வெளியே தள்ளிய வாயு சுற்றிலும்தானே கிடக்கும்? ஆலங்காயத்தான் சொன்ன உதறலின் ஆரம்பம் இதுதான் என்று நினைக்கிறேன். நம் காலத்திலேயே வெடிக்கும் என்று என் மனதில் படுகிறது.

கீழ்வானம்

மார்கழி, அம்மாவின் கை நின்ற இடத்தை வாசித்து எனக்கும் சிலிர்த்தது. ஆனால் முடிவு தவறு. திருவாதிரைக்கு இன்னும் ஒரு லட்சம் ஆண்டு இருக்கலாம். ஒரு குமிழ் தள்ளியதை வைத்து நாள் குறிக்க முடியாது. செம்பெரு விண்மீன்கள், அதாவது கடைசிக் காலத்தில் உப்பிச் சிவந்த பெரிய விண்மீன்கள், இப்படிச் சில்லறையாக இழந்துகொண்டேதான் இருக்கும்.

ஆலங்காயத்தானுக்கும் ஒரு மறுப்பு. 'அவசரமாக உதறியது' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 2023 ஜூனில் ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தவன். வெடிப்பதற்கு முன்பிருந்த அந்த விண்மீன் அகச்சிவப்பில் சுமார் 1,100 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைந்துகொண்டிருந்தது. தூசி மூடிய, ஒழுங்காகத் துடிக்கும் செம்பெரு விண்மீன். ஒரு படத்திலாவது திடீர்ப் பாய்ச்சல் இருக்குமா என்று தேடினேன். கண்ணில் பட்டது அந்தத் துடிப்பு மட்டும்தான். கண்ணுறு ஒளியில் வானத்தைத் தினமும் அலசும் தொலைநோக்கிகளின் பதிவிலும் முன்-வெடிப்பு கிடையாது. இது விண்மீனிலிருந்து ஓயாமல் வெளியேறிய அடர்ந்த, சீரான வாயுக் காற்று. கடைசி நேர வெடிப்பு என்று சொல்ல ஆதாரம் போதாது.

எக்ஸ்கதிர் ராணி

கீழ்வானம் சார், ஒரு விண்மீனை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிடாதீர்கள். 2006ஜேசி சூப்பர்நோவாவை எடுங்கள். அது வெடிப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2004-இல், அதே இடத்தில் ஒரு பிரகாசம் வந்து போனதை இதே இதாகாகிதான் பதிவு செய்தார். 2006-இல் அதிர்வலை அந்த ஹீலிய வாயுவில் போய் முட்டியது. அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

என் கதை 2014சி சூப்பர்நோவா. பெகாசஸில் என்ஜிசி 7331 மண்டலம், 2014 ஜனவரி. ஹைட்ரஜன் இல்லாத சாதாரண ஐபி வகை என்று எழுதி வைத்தாயிற்று. அப்புறம் அந்தப் பகுதி சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது, யாராலும் பார்க்க முடியாது. மறுபடி வெளியே வந்தபோது எடுத்த நிறமாலையைத் திறக்கிறேன்: ஹைட்ரஜன்! அதுவும் வலுவான உமிழ்கோடு. தவறான கோப்பைத் திறந்துவிட்டேனோ என்று வானில் குறித்த ஆயங்களைச் சரிபார்த்தேன். அதே விண்மீன்தான். பல பத்தாண்டுகளோ நூற்றாண்டுகளோ முன்னால் கழற்றிப் போட்ட ஹைட்ரஜன் உறை தூரத்தில் ஒரு கூடாக நின்றிருக்கிறது; நாங்கள் பார்க்காத மாதங்களில் அதிர்வலை அதில் போய் மோதியிருக்கிறது. எக்ஸ்கதிரும் ரேடியோவும் அதன்பின் ஏறிக்கொண்டே போயின. மோதிய அந்த நாளை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாதது.

சிட்னி பெரியவர்

1987 மார்ச்சில் நகரத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, நமக்கு அருகில் உள்ள சிறு மண்டலமான பெரிய மகெல்லன் மேகத்தில் வெறுங்கண்ணால் 1987ஏ சூப்பர்நோவாவைப் பார்த்தேன். மே மாதம் இன்னும் பிரகாசமானது. அந்த அனுபவம் பலரும் சொல்லிவிட்டதுதான்.

எனக்கு மறக்காதது பத்தாண்டு கழித்து வந்த ஒரு படம். சுமார் 20,000 ஆண்டு முன்பு அந்த விண்மீன் விட்ட வாயு ஒரு வளையமாக நிற்பதை ஹபிள் ஏற்கெனவே காட்டியிருந்தது. 1997-இல் வளையத்தின் வடகிழக்கு ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அச்சுத் தூசியாக இருக்குமோ என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அதிர்வலையின் முதல் முட்டல் அது. சில ஆண்டில் வளையம் முழுக்கப் புள்ளிகள் முத்துமாலையாய்க் கோத்துக்கொண்டன. 2009 வாக்கிலிருந்து அவை மங்குகின்றன. இப்போது வளையத்துக்கு வெளியே புதிய புள்ளிகள். அந்த வளையத்துக்கு அப்பாலும் வாயு இருக்கிறது என்று அர்த்தம்.

கீழ்வானம்

ராணி அவர்களுக்கு: 2006ஜேசி ஹைட்ரஜன் உறையை இழந்த ஹீலிய விண்மீன், 2023ஐஎக்ஸ்எஃப் செம்பெரு விண்மீன். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிலியின் ரூபின் தொலைநோக்கி 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டாயிற்று. பத்தாண்டு அது வானத்தை அலசினால் வெடிப்பதற்கு முன் எத்தனை விண்மீன்கள் திடீரென்று பிரகாசிக்கின்றன, எத்தனை சும்மா இருக்கின்றன என்று எண்ணிக்கையோடு பேசலாம்.

ஆலங்காயத்தான்

சார், ரூபின் இருப்பது தென் அரைக்கோளத்தில். எம்101 அங்கிருந்து அடிவானத்தை விட்டு அவ்வளவாக எழும்பாது. வடவானத்தில் அடுத்தது இப்படி வந்தால் பழைய படங்களுக்கு மறுபடியும் ஹான்லே, ஹவாய், கலிபோர்னியாப் பதிவுகளைத்தான் தோண்ட வேண்டும். ராணி அக்கா, 2014சி-யின் அந்த முதல் ஹைட்ரஜன் நிறமாலை பொதுத் தரவுக் களஞ்சியத்தில் இருக்கிறதா? இருந்தால் என் 4686 கோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.